ஏழு மில்லிமீட்டர்

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவருக்குக் காது மட்டும்தான் மிச்சம். கண்ணுக்கு நேரே விளக்கு, வாய்க்குள் கண்ணாடி, பேச வழியில்லை. அன்று டாக்டர் கையில் இருந்தது முனை மழுங்கிய ஒரு மெல்லிய கம்பி. அதில் மில்லிமீட்டர் கணக்கில் கறுப்புக் கோடுகள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடம் என்று அளந்து எண்ணைச் சொல்லிக்கொண்டே போனார். உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். "மூணு, ரெண்டு, மூணு. ரெண்டு, ரெண்டு, மூணு." தூக்கம் வரவழைக்கிற தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழ்த்தாடையின் இடதுபக்கக் கடைவாய்ப்பல்லுக்கு வந்ததும் தாளம் தப்பியது. "மூணு, நாலு... ஏழு." உதவியாளர் நிமிர்ந்து, "ஏழா டாக்டர்?" என்று கேட்டார். "ஏழு. ரத்தம்னும் போட்டுக்கோங்க."

ஆரோக்கியமான ஈறு பல்லை ஒட்டி நிற்கும். நடுவே மூன்று மில்லிமீட்டருக்கு மிகாத சின்ன வாய்க்கால்தான் இருக்கும். அதற்குக் கீழே கம்பி இறங்கினால் அதற்குப் பெயர் பாக்கெட். டாக்டர் எக்ஸ்ரேயைத் திருப்பிக் காட்டினார். மற்றப் பற்களைச் சுற்றி வெள்ளையாகக் கரை கட்டி நின்ற எலும்பு, அந்த ஒரு பல்லின் பின்பக்கம் மட்டும் கிணறு தோண்டிய மாதிரி கறுப்பாக இறங்கியிருந்தது. எப்போதாவது வலித்ததா என்று கேட்டார். ஒரு நாளும் வலித்ததில்லை. பல் தேய்க்கும்போது நுரை லேசாகச் சிவந்திருக்கும். கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிட்டோம் போல என்று துப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறேன். எத்தனை வருடம் அப்படிப் போனேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. "போன எலும்பு திரும்ப வளருமா டாக்டர்?" என்று கேட்டேன். "இறங்கினது இறங்கினதுதான் சார். இனிமே இறங்காம பாத்துக்கலாம்" என்றார்.

அன்றிரவே குடும்ப வாட்ஸப்பில் அண்ணன் ஒரு செய்தியைத் தட்டிவிட்டிருந்தார். கரைந்த ஈறும் எலும்பும் ஸ்டெம் செல்லால், அதாவது பெருகிப் புதுத் திசுவாக மாறக்கூடிய மூலச் செல்லால், பழையபடி வளர்ந்துவிடுகிறதாம், இதைப் பல் டாக்டர்கள் உங்களிடம் சொல்லவே மாட்டார்களாம். நான் பதில் போடாததால் போனிலேயே கூப்பிட்டார். "டேய், உன் டாக்டர் பழைய ஆளா இருப்பாரு. கேட்டுப் பாரு." அவர் எனக்கு எட்டு வயது மூத்தவர், மூத்தவர்கள் அனுப்புகிற பார்வர்டுகளை மறுத்துப் பேசுவதில்லை என்று நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து இரண்டு வாக்கியமும் தலைக்குள் மோதிக்கொண்டே இருந்தன. இறங்கினது இறங்கினதுதான். பழையபடி வளர்ந்துவிடும். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை விடாமல் துருவியதில் போன மாதங்களின் கதைதான் இது.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அது தேவைப்படும். எலும்பைக் கரைத்தது கிருமி என்று நான் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. வேரின் மேல் படிந்த கிருமிப் படலத்தை விரட்ட வருவது நம் நோயெதிர்ப்புச் செல்கள். விரட்ட முடியாமல் வருடக்கணக்கில் அங்கேயே நின்று சண்டை போடுகின்றன. அந்தச் சண்டையில் வெளிப்படுகிற ரசாயனங்கள், எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை முடுக்கிவிடுகின்றன. உடம்பு அழுக்கிலிருந்து தன் எலும்பைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது என்று சொல்லலாம். புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் இருந்தால் இந்தப் பின்வாங்கல் வேகமாக நடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, முற்றிய ஈறு நோய் உள்ளவர்கள் 100 கோடிக்கும் மேல். அத்தனை பேரும் என்னை மாதிரியே சிவந்த நுரையைத் துப்பிவிட்டுப் போனவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பல், அறைந்த ஆணி அல்ல

பல் எலும்பில் ஆணி மாதிரி அறைந்திருக்கிறது என்றுதான் நாற்பது வயது வரை எண்ணியிருந்தேன். அது எலும்பைத் தொடுவதே இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் இடைவெளி. அதற்குள் ஆயிரக்கணக்கான நார்கள். நாரின் ஒரு நுனி எலும்புக்குள் புதைந்திருக்கும், மறுநுனி வேரின் மேல்பூச்சான சிமென்டத்துக்குள் புதைந்திருக்கும். பல் அந்த நார்களில் தூளி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்கி, விட்டதும் எழும்புகிறது. ஒரு மணல்துகளைக் கடித்தால்கூட உடனே தெரிகிறதே, அந்த உணர்ச்சியும் பெரும்பாலும் இந்த நார்களுக்குள் இருக்கிற நரம்பு முனைகளின் வேலைதான். பெரியோடான்டல் லிகமென்ட் என்பது டாக்டர்கள் வைத்த பெயர். எழுத எழுத வாய் வலிக்கிறது; நான் நார்ப்படலம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

ஆக, ஈறு நோயில் போவது வெறும் எலும்பு அல்ல. சிமென்டம், நார்ப்படலம், எலும்பு மூன்றும் சேர்ந்து போகின்றன. திரும்ப வர வேண்டுமென்றாலும் மூன்றும் சேர்ந்து வர வேண்டும், அதுவும் நார் இரண்டு பக்கமும் சரியாகப் புதைந்து. எலும்பு மட்டும் வளர்ந்து நடுவில் நார் இல்லாவிட்டால் அது வேறு கதை. அந்த வேறு கதையை எங்கள் வீட்டிலேயே பார்க்காமல் தப்பித்தோம்.

சில வருடங்களுக்கு முன் அக்கா மகன், அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது, விளையாடும்போது விழுந்து மேல்வரிசை முன்பல் முழுசாகக் கழன்று வந்துவிட்டது. அக்கா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்ததும் நான் ஒரு பல் டாக்டரைப் பிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி "பல் எங்க இருக்கு?" சொன்ன முதல் வாக்கியம் "வேரைத் தொடாதீங்க, தேய்ச்சுக் கழுவாதீங்க." மேல்பாகத்தைப் பிடித்து, அழுக்கு இருந்தால் லேசாக அலசி, குழியிலேயே திருப்பி வைக்கச் சொன்னார். அக்காவுக்குக் கை நடுங்கியது, முடியவில்லை. அப்படியானால் பாலில் போட்டு எடுத்து ஓடி வாருங்கள் என்றார். இருபது நிமிடத்தில் பல் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்துப் பற்களோடு கம்பி கட்டி இரண்டு வாரம் வைத்திருந்தார்கள், அப்புறம் ரூட் கேனால். இன்றும் அந்தப் பல்லால்தான் கடிக்கிறான்.

எதற்குப் பால், எதற்குத் தேய்க்கக் கூடாது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிய்ந்த நார்களின் ஒரு பாதி வேரிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதில் உயிருள்ள செல்கள் இருக்கும். தண்ணீரில் அவை ஊதி வெடித்துவிடும். பாலின் உப்புச்சத்து அவற்றுக்குத் தோதாக இருப்பதால் சில மணி நேரம் தாங்கும். திருப்பி வைத்தால் அந்தச் செல்களே மறுபடி நாரைக் கட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் காய்ந்துபோனால் செல்கள் செத்துவிடும். அப்போதும் பல்லை வைக்கலாம், ஆனால் எலும்பு நேராக வேரோடு ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல அந்த வேரையே எலும்பாக மாற்றிக்கொண்டுவிடும். நார்ப்படலத்தில் கட்டும் வேலை தெரிந்த செல்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பல் டாக்டர்கள் ஸ்டெம் செல் என்ற பெயர் சொல்லாமலே அவற்றை நம்பித்தான் தலைமுறைகளாகப் பாலில் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் என் கடைவாய்ப்பல்லில் மட்டும் ஏன் வளரவில்லை? கிணற்றின் அடியில் நார்ப்படலம் மிச்சம் இருக்கிறதே. அங்கிருந்து ஏறி வர வேண்டியதுதானே?

துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள்

இதற்குப் பதில் 1976லேயே எழுதப்பட்டிருக்கிறது. மெல்ச்சர் என்ற பல் ஆராய்ச்சியாளர் அந்த வருடம் ஒரு கட்டுரையில் எளிமையான ஒரு கருத்தைச் சொன்னார்: சுத்தம் செய்த வேரின் மேல் எந்தச் செல் முதலில் வந்து உட்காருகிறதோ, அதுதான் அங்கே என்ன உருவாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. போட்டியில் நான்கு பேர். ஈறின் மேல்தோல் செல்கள், அதற்கு அடியில் உள்ள இணைப்புத் திசு, எலும்பு, நார்ப்படலம். இவற்றில் ஓட்டத்தில் கெட்டிக்காரர் மேல்தோல். காயத்தை மூடுவதுதான் அதன் பிறவிக் கடமை. ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர் அளவில் சறுக்கிக்கொண்டு இறங்கும். நார்ப்படலம் ஆமை. கீழிருந்து அது ஒரு அடி எடுத்து வைப்பதற்குள், பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஆள் மாதிரி மேல்தோல் வேர் முழுக்கப் படர்ந்துவிடும். அப்புறம் நாருக்கு அங்கே இடமில்லை.

மேல்தோல் ஒட்டிக்கொள்வதும் கெட்டதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாக்கெட் ஆழம் குறையும், ரத்தம் நிற்கும், பல் வருடக்கணக்கில் நிலைக்கும். சுத்தம் செய்த பிறகு பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கிற குணம் அதுதான். ஆனால் அது ஒட்டுதல், கட்டுமானம் அல்ல.

1982இல் ஸ்வீடனில் நைமன், லிண்டே, காரிங் ஆகியோர் கொண்ட குழு மெல்ச்சரின் கருத்தை மனிதப் பல்லிலேயே சோதித்துப் பார்த்தது. எப்படியும் எடுக்கப்பட வேண்டிய ஒரு கீழ் முன்பல். ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்து, ஈறுக்கும் வேருக்கும் நடுவே ஆய்வகத்தில் வடிகட்டப் பயன்படுகிற ஒரு மெல்லிய தாளை வேலி மாதிரி வைத்துத் தைத்துவிட்டார்கள். மேல்தோலால் வேலி தாண்ட முடியவில்லை. ஆமைக்கு நேரம் கிடைத்தது. மூன்று மாதம் கழித்துப் பல்லைச் சுற்றியுள்ள எலும்போடு எடுத்து நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், முன்பு வெறுமையாக இருந்த வேரின் மேல் புதுச் சிமென்டம், அதில் புதைந்த புது நார்கள். ஒரு ஸ்டெம் செல்லையும் வெளியிலிருந்து கொண்டுபோய் வைக்கவில்லை. போட்டியாளரைத் தள்ளி நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

இதைப் படித்த அன்று என் டாக்டரின் வாக்கியத்தை மனசுக்குள் திருத்தினேன். இறங்கினது வளராது என்பதல்ல. வளர வருவதற்குள் வேறொன்று முந்திக்கொள்கிறது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் எனக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

பின்னால் வந்தவையும் இதே வழியில் யோசித்தவைதான். பன்றிக்குட்டிகளின் முளைக்கும் பல்லிலிருந்து எடுத்த எனாமல் புரதத்தை வேரில் தடவுகிற எம்டோகெயின் 1990களில் வந்தது. பல் முதன்முதலில் உருவானபோது கேட்ட சமிக்ஞையை மறுபடி கேட்கவைத்து உள்ளூர்ச் செல்களை எழுப்புவது அதன் எண்ணம். ஜப்பான் 2016இல் ஒரு வளர்ச்சிக் காரணிப் புரதத்தை ஈறு சிகிச்சைக்கு அங்கீகரித்தது. எதிலும் செல் கிடையாது. அழைப்பு மட்டும்.

தட்டில் கிடந்த ஞானப்பல்

சரி, ஆமையை வேகமாக ஓடவைப்பதற்குப் பதிலாக, ஆமைகளைக் கூட்டமாக வளர்த்து நேராக அந்த இடத்திலேயே கொண்டுபோய் இறக்கினால் என்ன? ஸ்டெம் செல் ஆட்கள் கேட்டது இதைத்தான்.

2004இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்களில் வேலை செய்த பியுங்-மூ சியோ, ஸ்டான் க்ரோந்தோஸ், சோங்டாவ் ஷி ஆகியோரின் குழு, அறுவை செய்து எடுக்கப்பட்ட 25 ஞானப்பற்களை எடுத்துக்கொண்டது. வேர்களில் ஒட்டியிருந்த நார்ப்படலத்தைப் பிரித்து, நொதியில் கரைத்து, செல்களைத் தனியாக்கி வளர்த்தது. அவற்றில் ஸ்டெம் செல் குணம் உள்ளவை இருந்தன. நோயெதிர்ப்புச் சக்தி குறைந்த எலிகளின் உடலில் வைத்தபோது சிமென்டமும் அதோடு ஒட்டிய நாரும் போன்ற ஒரு அமைப்பை உருவாக்கிக் காட்டின. லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை அது. ஞானப்பல் என்பது பிடுங்கித் தூக்கி எறிகிற பொருள், அதிலிருந்தே பல்லைத் தாங்கும் செல்களை எடுக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது.

செல் எடுப்பது வேரின் எந்தப் பகுதியிலிருந்து என்று தேடிக்கொண்டிருந்தேன். நடுப்பகுதியிலிருந்துதான் பெரும்பாலும் சுரண்டுகிறார்கள். மேலே ஈறுத் திசுவும் கீழே நுனித் திசுவும் கலந்துவிடாமல் இருக்க. அதைப் படித்த வினாடியில் எனக்கு ஒரு காட்சி வந்து நின்றது.

மூன்று வருடத்துக்கு முன் என் வலதுபக்கக் கீழ் ஞானப்பல்லை எடுத்தார்கள். மரத்துப்போன உதட்டில் பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தபோது, எஃகுத் தட்டில் அது கிடந்தது. எனக்கு எதையும் கிட்டப் போய்ப் பார்க்கிற புத்தி. இரண்டு வேரும் ஒன்றோடொன்று லேசாகப் பின்னியிருந்தன. மேல்பாகத்தில் பழுப்பு. வேரின் நடுவில் மட்டும் இளஞ்சிவப்பாக, ஈரமாக, பழைய துணியின் கிழிந்த ஓரத்தில் நூல் பிரிந்து நிற்குமே, அந்த மாதிரி சின்னச் சின்னப் பிசிறுகள். சதையைக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது போல என்று நினைத்தேன். உதவியாளர் தட்டைச் சாய்த்தார். மஞ்சள் வாளிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம்.

அந்தப் பிசிறுதான் நார்ப்படலம். என் கடைவாய்ப்பல்லுக்கு என்ன தேவையோ அதுவே, என்னுடைய செல்லே, யாருடைய அனுமதியும் தேவைப்படாத ஒன்று, என் கண்ணெதிரே வாளிக்குள் போயிருக்கிறது. இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவியிடம் சொன்னபோது, "எடுத்து வச்சிருந்தா மட்டும் நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? அலமாரியிலயா வச்சிருப்பீங்க?" என்றார். பதில் இல்லை. ஆனாலும் அந்த 'டக்' விடவில்லை.

செல் வைக்காத பக்கம்

விடவைத்தது ஓர் ஆய்வு. 2016இல் சீனாவின் சியான் நகரத்தில் பல் ஆராய்ச்சியாளர்கள் நடத்தியது. 30 நோயாளிகள், 41 பற்கள். என்னுடையதைப் போலவே எலும்புக்குள் குழியாக இறங்கிய பாதிப்பு. ஒரு குழுவுக்கு அவரவர் ஞானப்பல்லிலிருந்து எடுத்து வளர்த்த செல்களைத் தாளாக ஆக்கி, எலும்புத் துகளோடு சேர்த்து வைத்தார்கள். இன்னொரு குழுவுக்குச் செல் கிடையாது. அதே எலும்புத் துகள், அதே அறுவை, அதே வேலி. ஒரு வருடம் வரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.

செல் வைத்தவர்களுக்கு எலும்பு ஏறியிருந்தது. நான் எழுந்து அண்ணனுக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். அப்புறம் மறுபக்கத்தையும் படித்தேன். செல் வைக்காதவர்களுக்கும் ஏறியிருந்தது. இரண்டு குழுவுக்கும் நடுவே புள்ளிவிவரப்படி வித்தியாசம் இல்லை. பாதுகாப்பு விஷயத்தில் குறையொன்றும் தென்படவில்லை என்பதுதான் அவர்கள் உறுதியாகச் சொன்னது.

அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. என் ஞானப்பல் வாளிக்குள் விழாமல் இருந்து, அதைப் பக்குவமாக எடுத்து, வாரக்கணக்கில் வளர்த்து, தாளாக்கி வைத்திருந்தாலும், 1982ஆம் வருடத்து வேலியும் நல்ல தையலும் கொடுக்கிற அளவுக்குத்தான் கிடைத்திருக்கலாம். ஏமாற்றமாக இருக்க வேண்டும். எனக்கோ ஏதோ கடன் அடைந்த மாதிரி இருந்தது.

ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது தெரியும். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இவாட்டா குழு 2018இல் 10 பேரின் முடிவை வெளியிட்டது. அங்கே செல்லை வளர்க்கிற விதம் அழகானது. வெப்பத்துக்கு ஏற்ப மாறுகிற ஒரு பாலிமர் பூசிய தட்டில் 37 டிகிரியில் வளர்த்தால் செல்கள் ஒட்டிக்கொண்டு பரவும். 32 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் அந்தப் பூச்சு தண்ணீரை உறிஞ்சி வழுக்கிவிட, ஒரு கத்தியும் நொதியும் படாமல் செல்கள் முழு விரிப்பாகக் கழன்று வரும், பால் ஆடை மாதிரி. அதை மூன்றடுக்காக வேரில் போர்த்தி, குழியில் கால்சியம் பாஸ்பேட் துகள் நிரப்பினார்கள். ஆறு மாதத்தில் பாக்கெட் ஆழம் சராசரி 3.2 மில்லிமீட்டர் குறைந்தது. நல்ல எண். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் செல் வைக்காத குழு அதில் இல்லை. சியான் ஆய்வைப் படித்த பிறகு எனக்குக் கண் நேராக அந்தப் பக்கம்தான் போகிறது: இவர்களுக்கு வெறும் துகளும் தையலும் மட்டும் செய்திருந்தால் எத்தனை?

வைத்த செல்கள் அங்கேயே உட்கார்ந்து நாராகவும் எலும்பாகவும் மாறுகின்றன என்ற படமும் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. பெரும்பாலானவை வெகுநாள் உயிரோடு இருப்பதில்லை. இருக்கும்வரை அவை சுரக்கிற பொருள்கள் வீக்கத்தைத் தணித்து உள்ளூர்ச் செல்களை வேலைக்குக் கூப்பிடுகின்றன என்பதே இன்று அதிகம் பேசப்படுவது. இந்த வகைச் செல்லுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்ற பெயரை 1991இல் பரப்பிய ஆர்னால்ட் கேப்லனே, 2017இல் அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். பெயர் வைத்தவரே வந்து பெயரை மாற்றச் சொல்வது அறிவியலில் அடிக்கடி நடப்பதில்லை. வைத்தவை கொத்தனார்கள் என்று நினைத்தோம், அவை மேஸ்திரிகளாம். கொத்தனார்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் முதலில் சொன்ன சண்டை ஞாபகத்துக்கு வருகிறது. கிருமிப் படலம் படிந்த வேர், வருடக்கணக்கான வீக்கம். அந்த இடத்தில் எந்த மேஸ்திரியை இறக்கினாலும் என்ன செய்ய முடியும்? எல்லா ஆய்விலும் செல் வைப்பதற்கு முன் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்திருப்பார்கள், நோயாளி ஒழுங்காகப் பல் துலக்கக் கற்றிருப்பார். அண்ணன் அனுப்பிய செய்தியில் அந்த வரி இல்லை.

பால்பல் சேமிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அக்கா இதைக் கேட்டிருந்தார். விழுகிற பால்பல்லின் உள்சதையில் ஸ்டெம் செல் இருப்பதை 2003இல் காட்டியவர்களும் மேலே சொன்ன ஷியின் குழுவினர்தான். ஷியின் சின்ன மகளின் ஆடிய பல்தான் அந்த யோசனையைக் கொடுத்ததாம். அழகான கதை. ஒரு முன்பல்லில் வளர்க்கத் தகுந்த செல்லாகக் கிடைத்தவை ஏறக்குறைய 12 முதல் 20. அதைக் காசு வாங்கிக்கொண்டு உறையவைத்துத் தருகிற நிறுவனங்கள் பல நாடுகளில் வந்துவிட்டன. பெற்றவர்களின் பயத்தை விற்கிற வியாபாரமாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. சியான் ஆய்வில் வளர்ந்த பெரியவர்களின் ஞானப்பல்லே செல் கொடுத்திருக்கிறதே. "அந்தக் காசுக்குப் பிள்ளைங்களைப் பல் டாக்டர்கிட்ட வருஷத்துக்கு ரெண்டு தடவை கூட்டிட்டுப் போ" என்று அக்காவிடம் சொன்னேன். என் வாயிலிருந்து இந்த அறிவுரை வருவதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

சுவர் மூன்று

என் பல்லுக்கு வருகிறேன். முதலில் ஆழச் சுத்தம். ஊசி போட்டு, தண்ணீர் பீய்ச்சுகிற அதிர்வுக் கருவியை இறக்கி, அப்புறம் கைக்கருவியால் வேரைச் சுரண்டினார். வலிக்கவில்லை, ஆனால் அந்தச் சத்தம் மண்டையோட்டுக்குள்ளிருந்தே கேட்கும். முதலில் கரகரவென்று, சிமென்ட் தரையில் கரண்டியை இழுத்த மாதிரி. போகப் போகச் சத்தம் மெலிந்து வழவழப்பாகிறது. அந்த மாற்றத்தைக் காதால் கேட்டுத்தான் வேர் சுத்தமாகிவிட்டதா என்று தானும் ஓரளவு தெரிந்துகொள்வதாகச் சொன்னார். பல்லிடுக்கில் விடுகிற குட்டி பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, தினமும் என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி கம்பி. "அஞ்சு." ரத்தம் கொஞ்சம்தான்.

அன்றுதான் தைரியமாக ஸ்டெம் செல்லைப் பற்றிக் கேட்டேன். பழைய ஆள் அல்ல அவர். சிரித்துவிட்டு எக்ஸ்ரேயில் விரலை வைத்தார். "உங்க குழியப் பாருங்க. கிணறு மாதிரி, மூணு பக்கமும் எலும்புச் சுவர் நிக்குது. இந்த மாதிரி இடத்துல ரத்தம் தங்கும், செல் சுவத்துலேருந்தே வரும். வேலி கட்டி, துகள் போட்டா ஏற வாய்ப்பு உண்டு. எல்லாப் பக்கமும் சமமா இறங்கியிருந்தா நானும் கைய விரிச்சிருப்பேன், ஸ்டெம் செல்லும் கைய விரிச்சிருக்கும்." அப்படியானால் அன்றைக்கு ஏன் இறங்கினது இறங்கினதுதான் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "வளரும்னு சொன்னா யாரும் பிரஷ் பண்றதில்ல சார்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்மேல் கோபப்படுவதா, கும்பிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அறுவை ஒன்றரை மணி நேரம். ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் கறுப்புக் கிணற்றின் அடிப்பகுதி சாம்பல் நிறமாக மேடு தட்டியிருந்தது. கம்பி நான்கில் நின்றது. உதவியாளர் இந்தத் தடவை நிமிரவில்லை. அண்ணனுக்கு இரண்டு எக்ஸ்ரேயையும் அனுப்பினேன். "நான் அப்பவே சொன்னேன்ல, ஸ்டெம் செல்" என்று பதில் வந்தது. ஒரு விதத்தில் சரிதான் என்பதால் மறுக்கவில்லை.

உள்ளே ஏறியிருப்பது உண்மையான நாரா, அல்லது மேல்தோல் மறுபடி துண்டு போட்டு உட்கார்ந்து அதற்குப் பின்னால் எலும்பு மட்டும் ஏறியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டேன். எக்ஸ்ரேயில் அது தெரியாது, கம்பியிலும் தெரியாது. 1982இல் செய்த மாதிரி பல்லைச் சுற்றியிருக்கிற எலும்போடு வெட்டி எடுத்து நறுக்கிப் பார்த்தால்தான் தெரியும். "பாத்துடலாமா?" என்றார். வாய்க்குள் கண்ணாடி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று.

எழுந்து உட்கார்ந்ததும், ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். இடதுபக்கம் இன்னும் ஒரு ஞானப்பல் மிச்சம் இருக்கிறது. அதை எடுக்கிற நாள் வந்தால் வாளியில் போடாமல் என்னிடம் கொடுப்பீர்களா? மறுபடி படுக்கச் சொல்லி, கம்பியை எடுத்து அந்தக் கடைசிப் பல்லைச் சுற்றி ஆறு இடத்தில் அளந்தார். "மூணு, ரெண்டு, மூணு. மூணு, ரெண்டு, ரெண்டு." உதவியாளர் எழுதிக்கொண்டார். "நேரா முளைச்சிருக்கு, நல்லா இருக்கு, இத எதுக்கு சார் எடுக்கணும்?"